முடிவெடுப்பது யார்? அமெரிக்க யூதப் பெண்கள் கட்டிய கூட்டணிகள்

1911 ஏப்ரல் 2 அன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அரங்கம் நிரம்பி வழிந்தது. எட்டு நாட்களுக்கு முன்னால் டிரையாங்கிள் என்ற தையல் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் 123 பேர் பெண்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதப் பெண்களும் இத்தாலியப் பெண்களுமே அதில் மிகுதி. வேலை முடியும் நேரத்தில் வெளியேறும் கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது தளம் வரைதான் எட்டியது. தொழிற்சாலை இருந்ததோ எட்டு, ஒன்பது, பத்தாவது தளங்களில்.

அந்த இரங்கல் கூட்டத்துக்கு அரங்கத்தை வாடகைக்கு எடுத்துத் தந்தவர் ஆன் மார்கன், பெரும் வங்கியாளர் ஜே. பி. மார்கனின் மகள். கீழ்த்தள இருக்கைகளில் வசதியான வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேல் மாடங்களில் தையல் தொழிலாளர்கள். மேடையில் பேசியவர்கள் விசாரணை வேண்டும், குழு அமைக்க வேண்டும் என்றார்கள். அப்புறம் ரோஸ் ஷ்னைடர்மன் எழுந்தார். போலந்தில் பிறந்த யூதப் பெண், தொப்பி தைக்கும் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர், ஐந்தடிக்கும் குறைவான உயரம். குரலை உயர்த்தாமல் இப்படி ஆரம்பித்தார்: நட்பு பாராட்டிப் பேசுவதற்காக இங்கே வந்திருந்தால், எரிந்துபோன இந்த ஏழை உடல்களுக்கு நான் துரோகம் செய்தவளாவேன். நல்லவர்களே, உங்களைச் சோதித்துப் பார்த்துவிட்டோம், நீங்கள் தேறவில்லை.

கூட்டாளிகள் வாடகை கொடுத்த மேடையில் நின்று, கூட்டாளிகளின் முகத்துக்கு நேராகச் சொன்ன வார்த்தை இது. ஆனால் இதைச் சொல்லிவிட்டு ஷ்னைடர்மன் அந்தக் கூட்டணியை விட்டுப் போகவில்லை. பணக்காரப் பெண்களும் தொழிலாளிப் பெண்களும் சேர்ந்து நடத்திய பெண்கள் தொழிற்சங்க லீக்கில் தொடர்ந்தார். பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதன் நியூயார்க் கிளைக்குத் தலைவராகவும் இருந்தார். இந்த முரண்பாட்டைப் புரிந்துகொண்டால், சமூக நீதிக்காக யூதப் பெண்கள் அமைப்புகள் மற்றவர்களோடு சேர்ந்து உழைத்த நூறாண்டுக் கதையும் புரியும் என்று நினைக்கிறேன்.

கூட்டணி என்றதும் ஒரே எண்ணம் உள்ளவர்கள் கைகோப்பதைத்தான் பலரும் மனதில் வைத்துக்கொள்கிறோம். ஒரே எண்ணமும் ஒரே நிலைமையும் உள்ளவர்கள் ஒரே சங்கத்தில் சேர்ந்துவிடலாம். நிலைமை வேறுபடும்போதுதான் கூட்டணி தேவைப்படுகிறது. ஒருவரிடம் பணம் இருக்கிறது, இன்னொருவரிடம் கோரிக்கை இருக்கிறது. ஒருவர் கைதானால் செய்தி, இன்னொருவர் கைதானால் அது அன்றாடம். இந்தச் சமமின்மையை யார் எப்படிக் கையாண்டார்கள், கடைசி முடிவு யார் கையில் இருந்தது என்று பார்த்துக்கொண்டே வந்தால், எது நின்றது, எது உடைந்தது என்பது தெரிகிறது. யூதப் பெண்களின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது, அவர்கள் இந்தத் தராசின் இரண்டு தட்டுகளிலும் இருந்திருக்கிறார்கள் என்பதே.

யூதப் பெண்கள் என்று ஒரே கூட்டமாகச் சொல்வதும் சரியல்ல. 1893இல் சிகாகோ உலகச் சமயங்களின் மாநாட்டை ஒட்டி ஹன்னா சாலமன் தேசிய யூதப் பெண்கள் கவுன்சிலைத் தொடங்கினார். யூத ஆண்களின் ஏற்பாட்டுக் குழு பெண்களுக்கு விருந்தினரை உபசரிக்கும் வேலையை மட்டும் தர முன்வந்தது. அதை மறுத்துத் தனி மாநாடு நடத்தினார்கள். அதிலிருந்து பிறந்தது இந்த அமைப்பு. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரு தலைமுறைக்கு முன்பே வந்து வேரூன்றிய ஜெர்மன் யூதக் குடும்பங்களின் பெண்கள். ரஷ்யப் பேரரசிலிருந்து தப்பி, கப்பலில் தனியாக வந்து இறங்கிய இளம் யூதப் பெண்களை குடியேறிகள் வந்து இறங்கும் நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் வரவேற்று, மோசடிக்காரர்களிடம் சிக்காமல் காப்பாற்றும் பணியை இந்தக் கவுன்சில் செய்தது. நல்ல பணிதான். ஆனால் கொடுப்பவர், வாங்குபவர் என்ற வேறுபாடு ஒரே மதத்துக்குள்ளேயே இருந்தது. டிரையாங்கிள் தொழிற்சாலையின் முதலாளிகள் மாக்ஸ் பிளாங்கும் ஐசக் ஹாரிசும் கூட யூதக் குடியேறிகளே.

நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியின் ஏழை யூதப் பெண்கள் யாருடைய உதவியும் இல்லாமல் தொடங்கிய போராட்டம் 1902 மே மாதத்தில் நடந்தது. யூத மதவிதிப்படி அறுத்த இறைச்சி, அதாவது கோஷர் இறைச்சி, பவுண்டுக்கு 12 சென்ட்டிலிருந்து 18 சென்ட்டுக்கு ஏறியது. இல்லத்தரசிகள் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார்கள், கசாப்புக் கடைகளைப் புறக்கணித்தார்கள், வாங்கியவர்களின் கையிலிருந்து இறைச்சியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார்கள். சனிக்கிழமை ஜெப ஆலயத்துக்குள் போய், யூத வேதமான தோராவின் வாசிப்பை இடைமறித்துப் பேசினார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் வாசிப்பை நிறுத்தி முறையிடலாம் என்ற பழைய வழக்கம் யூதச் சமூகத்தில் உண்டு. பெண்கள் அந்த உரிமையைக் கையில் எடுத்தார்கள். ஜூன் தொடக்கத்தில் விலை 14 சென்ட்டுக்கு இறங்கியது. ஆனால் போராட்டம் பெரிதானதும் ஆண் தலைவர்கள் உள்ளே வந்து புதிய குழு அமைத்து, தலைமையை எடுத்துக்கொண்டார்கள். முடிவு யார் கையில் என்ற கேள்வி அப்போதே தொடங்கிவிட்டது.

மிங்க் கோட்டும் மறியல் வரிசையும்

1909 நவம்பர் 22. கூப்பர் யூனியன் அரங்கில் ஷர்ட்வெய்ஸ்ட் எனப்படும் பெண்கள் மேல்சட்டை தைக்கும் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கூடியிருந்தார்கள். அவர்களில் பலர் பதினாறு முதல் இருபத்தைந்து வயதுக்குள். தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராக நிதானமாக இருக்கச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணி நேரம் போனது. கிளாரா லெம்லிக் என்ற இளம்பெண் மேடையேற அனுமதி கேட்டார். மறியலில் கூலிப்படையினரால் தாக்கப்பட்டு விலா எலும்புகள் முறிந்திருந்தவர் அவர். பேசிப் பேசி அலுத்துவிட்டது, பொது வேலைநிறுத்தம் என்று தீர்மானம் போடுவோம் எனக் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் யிட்டிஷ் மொழியில் சொன்னார். அரங்கம் எழுந்தது. வலது கையை உயர்த்தி ஒரு பழைய சத்தியத்தைச் செய்தார்கள்: இந்த இலட்சியத்துக்குத் துரோகம் செய்தால், உயர்த்திய இந்தக் கை வாடிப்போகட்டும். ‘எருசலேமே, நான் உன்னை மறந்தால் என் வலதுகை தன் தொழிலை மறப்பதாக’ என்ற சங்கீத வரியின் சாயல் அதில் இருக்கிறது. ஊசி பிடிக்கிற கையை வைத்துச் செய்த சத்தியம்.

மறுநாள் காலை முதல் பட்டறைகள் காலியாகத் தொடங்கின. 20,000க்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள். வேலைநிறுத்தத்துக்கு முன் அவர்களுடைய சங்கக் கிளையில் இருந்ததோ நூறு பேர் அளவுக்குத்தான். ஒரே மாதத்தில் 700க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ஜாமீனுக்குப் பணம் இல்லை. வழக்கறிஞர் இல்லை. மறியலில் நின்ற பெண்களைக் காவலர்கள் விலைமாதர்களைப் போல நடத்தினார்கள்.

இங்கேதான் பெண்கள் தொழிற்சங்க லீக் வருகிறது. 1903இல் தொடங்கிய இந்த அமைப்பில் தொழிலாளிப் பெண்களோடு வசதியான பெண்களும் உறுப்பினர்கள். அவர்களை ‘கூட்டாளிகள்’ என்றே அழைத்தார்கள். நியூயார்க் கிளையின் தலைவர் மேரி டிரையர் மறியல் வரிசையில் நின்று கைதானபோது, அவர் யாரென்று தெரிந்ததும் காவலர்கள் சங்கடப்பட்டு உடனே விட்டுவிட்டார்கள். அதே வரிசையில் நின்ற தொழிலாளிப் பெண்ணுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. இந்த வேறுபாட்டைப் பத்திரிகைகள் எழுதத் தொடங்கியதும் வேலைநிறுத்தம் நகரம் முழுக்கப் பேச்சாயிற்று. லீக் இதை நன்கு புரிந்துகொண்டு, வசதியான பெண்களைத் தொடர்ந்து மறியலுக்கு அனுப்பியது. அவர்கள் அங்கே கொண்டுவந்தது தங்கள் சமூக அந்தஸ்தை. காவலர் கை ஓங்கும்போது குறுக்கே நிற்கும் அந்தஸ்து அது.

வாக்குரிமைப் போராளியும் பெரும் பணக்காரருமான ஆல்வா பெல்மான்ட் இரவு நீதிமன்றத்தில் விடிய விடிய உட்கார்ந்து, நான்கு தொழிலாளிப் பெண்களுக்கு ஜாமீனாகத் தன் மாடிசன் அவென்யூ மாளிகையையே காட்டினார். ஹிப்போட்ரோம் அரங்கை வாடகைக்கு எடுத்துப் பெரும் கூட்டம் நடத்தினார். ஆன் மார்கன் பணக்காரப் பெண்களின் காலனி கிளப்புக்குத் தொழிலாளிகளை அழைத்துப் போய்ப் பேசவைத்தார். பணக்காரப் பெண்கள் அணியும் விலையுயர்ந்த மிங்க் ரோமக் கோட்டை வைத்து, பத்திரிகைகள் இவர்களுக்கு ‘மிங்க் படை’ என்று பெயர் வைத்தன.

இந்த உதவியை நான் சிறியதாகப் பார்க்கவில்லை. ஜாமீன் கிடைத்தால் ஒரு பெண் மறுநாள் காலை மறுபடி மறியலுக்கு வரலாம். கிடைக்காவிட்டால் கட்டாய வேலைச் சிறை. கூட்டணியின் பலன் இவ்வளவு நேரடியாகத் தெரியும் இடங்கள் வரலாற்றில் குறைவு.

ஆனால் டிசம்பர் கடைசியில் முதலாளிகள் ஒரு சமரசத் திட்டத்தைத் தந்தார்கள். வேலை நேரம், கூலி ஆகியவற்றில் இறங்கி வந்தார்கள். சங்கத்தை அங்கீகரிக்க மட்டும் மறுத்தார்கள். தொழிலாளர்கள் அதைப் பெரும்பான்மையாக நிராகரித்தார்கள். அவர்களுடைய கணக்கு எளிது: சங்கம் இல்லாவிட்டால் இன்று கொடுத்ததை அடுத்த பருவத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். கூட்டாளிகளில் பலருக்கு இது பிடிவாதமாகத் தெரிந்தது. ஜனவரி தொடக்கத்தில் ஆன் மார்கன், இந்தப் போராட்டத்தில் சோசலிசம் புகுந்துவிட்டது என்று வெளிப்படையாகக் கண்டித்து விலகினார். பசியோடு இருப்பவர் வேண்டாம் என்று சொல்வதை, பசி அறியாதவர் புரிந்துகொள்ள மறுத்த இடம் அது.

தொழிலாளர்கள் பக்கத்திலும் குறை இருந்தது. கூட்டங்கள் பெரும்பாலும் யிட்டிஷிலும் ஆங்கிலத்திலும் நடந்தன. இத்தாலியப் பெண்களிடம் அவர்கள் மொழியில் பேசக்கூடிய அமைப்பாளர்கள் மிகக் குறைவு. அவர்களில் பலர் வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். பணக்காரக் கூட்டாளி கிடைத்த அளவுக்குப் பக்கத்து மேசையில் தைக்கும் பெண் கிடைக்கவில்லை.

1910 பிப்ரவரி 15இல் வேலைநிறுத்தம் முடிந்தது. பெரும்பாலான நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வாரத்துக்கு 52 மணி நேர வேலை, சம்பளத்தோடு நான்கு விடுமுறை நாட்கள், ஊசிக்கும் மின்சாரத்துக்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. சங்கத்தை ஏற்காத நிறுவனங்களில் ஒன்று டிரையாங்கிள். பதின்மூன்று மாதங்களில் அங்கே தீ.

இப்போது ஷ்னைடர்மனின் பேச்சுக்கு வருவோம். உங்கள் உதவி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. உங்கள் நல்லெண்ணத்தை நம்பி நாங்கள் இருக்க முடியாது, எங்களைக் காப்பாற்றப்போவது எங்கள் சொந்த இயக்கமே என்று சொன்னார். அந்தக் கோபம் பயனற்றும் போகவில்லை. நியூயார்க் மாநிலம் தொழிற்சாலை விசாரணை ஆணையத்தை அமைத்தது. அதன் தலைவர் ராபர்ட் வாக்னர், துணைத் தலைவர் ஆல் ஸ்மித். உறுப்பினர்களில் மேரி டிரையரும் ஒருவர். டிரையாங்கிளில் சிறுமியாக வேலை பார்த்த யூதப் பெண் பாலின் நியூமன் ஆணையத்துக்காகத் தொழிற்சாலைகளை ஆய்வு செய்தவர்களில் ஒருவர். தீயை நேரில் பார்த்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் ஆணையத்தினரைப் பட்டறைகளுக்கு அழைத்துப் போனார். தீத்தடுப்பு, வெளியேறும் வழி, வேலை நேரம் என்று டஜன் கணக்கில் சட்டங்கள் வந்தன. எங்கே எந்தக் கதவைப் பூட்டுவார்கள் என்று வேலை பார்த்தவருக்குத் தெரியும். எந்தச் சட்டமன்ற உறுப்பினரின் கதவைத் தட்டுவது என்று கூட்டாளிக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தபோது சட்டம் நடந்தது.

ஷ்னைடர்மனின் லீக்கில் 1922இல், பின்னாளில் அமெரிக்க அதிபரின் மனைவியான எலினோர் ரூஸ்வெல்ட் சேர்ந்தார். தொழிலாளிப் பெண்களின் வாழ்க்கையை அவர் அங்கேதான் நெருங்கிக் கற்றுக்கொண்டார். 1933இல் பெர்கின்ஸ் அமெரிக்காவின் முதல் பெண் அமைச்சராகத் தொழிலாளர் துறைக்குப் போனார். 1935இல் சங்கம் வைக்கும் உரிமையைத் தந்த தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம், அப்போது செனட்டராக இருந்த வாக்னரின் பெயரால் அறியப்படுகிறது. அந்தத் தீயிலிருந்து இந்தச் சட்டம் வரை ஒரே கோடு போகிறது.

கோட்டுக்கு வெளியே நின்றவர்கள்

அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. விவசாயத் தொழிலாளர்களுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் அது பொருந்தாது. தென்மாநில அரசியல்வாதிகளின் வாக்கு இல்லாமல் எதுவும் நிறைவேறாத காலம். தெற்கில் அந்த இரண்டு வேலைகளையும் செய்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். 1938இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அவர்களை விட்டுவிட்டது.

அதே 1935இல் நியூயார்க்கில் இரண்டு காட்சிகள். மே மாதத்தில் மறுபடி இறைச்சிப் புறக்கணிப்பு. முன்னின்றவர்களில் ஒருவர் கிளாரா லெம்லிக், இப்போது திருமணமாகிக் கிளாரா ஷாவெல்சன். பட்டறையிலிருந்து இல்லத்தரசிகளை அமைப்பாக்கும் வேலைக்கு வந்திருந்தார். இந்த முறை யூதக் குடியிருப்புகளோடு நிற்கவில்லை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கறுப்பினப் பெண்களும் சேர்ந்தார்கள். சிகாகோ, டெட்ராய்ட் என்று பரவியது. 1909இல் இத்தாலியப் பெண்களை எட்ட முடியாமல் போனதிலிருந்து இது நீண்ட தூரம். விலைவாசி எல்லாச் சமையலறைகளையும் ஒன்றாக அடித்ததால் சேர்வது எளிதாயிற்று.

அதே ஆண்டு நவம்பரில் எல்லா பேக்கரும் மார்வெல் குக்கும் கறுப்பின உரிமை இதழான ‘தி கிரைசிஸ்’இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதித் தெருமுனைகளில் கறுப்பினப் பெண்கள் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வெயிலிலும் குளிரிலும் நிற்கிறார்கள். அந்தப் பகுதி இல்லத்தரசிகள் வந்து பேரம் பேசி, மணிக்கு 15, 20, 25 சென்ட்டுக்கு, அதிர்ஷ்டம் இருந்தால் 30 சென்ட்டுக்கு, வீடு துடைக்க அழைத்துப் போகிறார்கள். பிராங்க்ஸ் அப்போது யூதர்கள் மிகுந்த பகுதி. பேரம் பேசிய பெண்களில் பலர் யூதர்கள், அவர்களும் நெருக்கடியில் இருந்தவர்கள். சிலர் ஒரு காலத்தில் தையல் பட்டறையில் மணிக்கணக்கில் உழைத்தவர்களாகவே இருந்திருக்கலாம்.

இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்கு அவசியமாகப் படுகிறது. கசாப்புக் கடைக்கு எதிராகச் சேர்ந்து நின்றவர்கள் வாங்குபவர்கள் என்ற முறையில் சமம். வீட்டு வாசலில் ஒருவர் முதலாளி, ஒருவர் கூலி. முதல் வகைக் கூட்டணியை ஒரு மாதத்தில் கட்டலாம். இரண்டாவதைக் கட்டத் தன் பணப்பையிலிருந்து தொடங்க வேண்டும். ஷ்னைடர்மன் நியூயார்க் மாநிலத் தொழிலாளர் துறைச் செயலாளராக இருந்த காலத்தில் வீட்டு வேலைக்காரர்களுக்கும் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வேண்டும் என்று வாதாடினார். அதிகம் பேர் செவிசாய்க்கவில்லை.

ஷாவெல்சன் கடைசி ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு யூத முதியோர் இல்லத்தில் இருந்தார். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் திராட்சைப் புறக்கணிப்பை இல்லத்தின் நிர்வாகம் ஆதரிக்கும்படி செய்தார். அங்கே வேலை பார்த்த உதவியாளர்கள் சங்கம் அமைக்கவும் துணை நின்றார். 1982இல், 96 வயதில் இறந்தார். தன்னைக் குளிப்பாட்டி உடுத்திவிடும் ஊழியர்களின் சங்கத்துக்காகப் பேசிய அந்த மூதாட்டியை நான் மிகவும் மதிக்கிறேன்.

புதன்கிழமைகள்

1963 அக்டோபரில் அலபாமாவின் செல்மா நகரத்துக்கு நான்கு பெண்கள் போனார்கள். கறுப்பினப் பெண்கள் தேசியக் கவுன்சிலின் தலைவர் டோரதி ஹைட், மருத்துவர் டோரதி ஃபெரபி, ஷெர்லி ஸ்மித், பாலி கோவன். கோவன் சிகாகோவின் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வாக்காளர் பதிவுக்காகப் போராடி, சிறையிலிருந்து வெளியே வந்திருந்த இளம் பெண்களைச் சந்தித்தார்கள். சிறையில் அவர்களை எப்படி நடத்தினார்கள் என்று கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

1964 மார்ச்சில் அட்லாண்டாவில் பல பெண்கள் அமைப்புகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். யூதப் பெண்கள் கவுன்சில், கத்தோலிக்கப் பெண்கள் கவுன்சில், திருச்சபைப் பெண்கள் ஐக்கியம், இளம் பெண்கள் கிறிஸ்தவ சங்கமான ஒய்டபிள்யூசிஏ, கறுப்பினப் பெண்கள் கவுன்சில். மிசிசிப்பியின் ஜாக்சனிலிருந்து கிளேரி காலின்ஸ் ஹார்வி வந்திருந்தார். இறுதிச் சடங்கு நிறுவனம் நடத்திய கறுப்பினப் பெண்மணி. 1961இல், பேருந்துப் பயணத்தில் இனப்பிரிவினையை எதிர்த்துப் போராடிய ‘சுதந்திரப் பயணிகள்’ ஜாக்சன் சிறையில் அடைக்கப்பட்டபோது, குளிரில் நடுங்கிய ஒரு பெண்ணுக்கு ஸ்வெட்டர் அனுப்பத் தொடங்கி ஓர் அமைப்பையே கட்டியவர். அந்தக் கோடையில் கறுப்பினத்தவரை வாக்காளர்களாகப் பதிவு செய்ய உதவ ஆயிரம் பேர் வரை மாணவர்கள் வடக்கிலிருந்து மிசிசிப்பிக்கு வரவிருந்தார்கள். வன்முறை வரும் என்று எல்லோருக்கும் தெரியும். வடக்குப் பெண்கள் வந்து, எங்களோடு இருந்து, எங்களுக்கும் காவல்துறைக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்பது ஹார்வியின் கோரிக்கை. பணமோ பேச்சாளர்களோ அவர் கேட்கவில்லை. நேரில் இருங்கள் என்றார்.

இந்தக் கோரிக்கையை அப்படியே எடுத்துக்கொண்டு ஹைட்டும் கோவனும் ‘மிசிசிப்பியில் புதன்கிழமைகள்’ என்ற திட்டத்தை உருவாக்கினார்கள். அமைப்பு ஹைட்டின் கவுன்சிலின் கீழ் இருந்தது. கோவன் அதில் சம்பளமில்லாத பணியாளர். நியூயார்க், பாஸ்டன், வாஷிங்டன், சிகாகோ, மினியாபோலிஸ் ஆகிய ஊர்களிலிருந்து கறுப்பின, வெள்ளைப் பெண்கள் கலந்த சிறு குழுக்கள். யூதர், கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று மதமும் கலந்திருக்கும். செவ்வாய் விமானத்தில் ஜாக்சன், புதன் சுற்றுப்புற ஊர்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக நடந்த ‘சுதந்திரப் பள்ளிகள்’, வியாழன் திரும்புதல். அந்தக் கோடையில் ஏழு குழுக்கள் போயின.

விமானத்திலிருந்து இறங்கியதும் அவர்கள் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் போல நடந்துகொண்டார்கள். கறுப்பினப் பெண்கள் கறுப்பினக் குடும்பங்களில் தங்கினார்கள். வெள்ளையர்கள் ஓட்டலிலோ வெள்ளையர் வீட்டிலோ. வெள்ளைக் கையுறை, முத்துமாலை, நல்ல உடை. இது திட்டமிட்ட வேடம். தெற்கில் ‘சீமாட்டி’க்கு இருந்த மரியாதையை அப்படியே கவசமாக்கினார்கள். 1909இல் மேரி டிரையர் தற்செயலாகக் கண்டுபிடித்ததை இவர்கள் முறையாகச் செய்தார்கள்.

ஆபத்து உண்மையானது. ஜூன் 21 அன்று ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் ஆகிய, அந்தக் கோடைப் பணியில் இருந்த மூன்று இளைஞர்கள் காணாமல் போனார்கள். சேனி மிசிசிப்பியின் கறுப்பின இளைஞர். மற்ற இருவரும் நியூயார்க் யூதர்கள். முதல் குழு ஜாக்சனுக்குப் போனபோது அவர்களின் உடல்கள் இன்னும் கிடைத்திருக்கவில்லை. ஆகஸ்ட் 4இல்தான் ஒரு மண் அணைக்குள்ளிருந்து தோண்டி எடுத்தார்கள். கோவனின் இரண்டு மகன்களும் அந்தக் கோடையில் மிசிசிப்பியில்தான் இருந்தார்கள்.

பகலில் சுதந்திரப் பள்ளிகளைப் பார்த்த வெள்ளைப் பெண்கள், பிறகு உள்ளூர் வெள்ளைப் பெண்களோடு உட்கார்ந்து காபி குடித்தார்கள். கிறிஸ்தவர் கிறிஸ்தவரோடு, யூதர் யூதரோடு. தன் மதத்தைச் சேர்ந்தவர், தன் வயதுடையவர், தன்னைப் போல் உடுத்தியவர் வந்து, உங்கள் ஊரில் நான் இதைப் பார்த்தேன் என்று சொல்லும்போது, கதவைச் சாத்துவது கடினம். பலர் சாத்தினார்கள், அதுவும் உண்மை. ஆனால் ஜாக்சனில் சில வெள்ளைப் பெண்கள் ஏற்கெனவே, கறுப்பினக் குழந்தைகளைச் சேர்க்காமல் இருப்பதற்காகப் பொதுப்பள்ளிகளை மூடக் கூடாது என்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். வெளியே சொன்னால் கணவரின் தொழில் போகும், நட்பு போகும் என்ற அச்சம். அவர்களுக்கு இந்த வருகை தைரியம் தந்தது.

ஜாக்சனின் யூதர்கள் மிகச் சிறு கூட்டம். வடக்கிலிருந்து வரும் யூதர்கள் புரட்சி பேசிவிட்டுப் போவார்கள், அடி எங்கள் மேல் விழும் என்பது அவர்கள் மனக்குறை. இதைக் கோழைத்தனம் என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. 1967 செப்டம்பரில் ஜாக்சனின் பெத் இஸ்ரேல் ஜெப ஆலயத்தில் குண்டு வெடித்தது. நவம்பரில் அதன் குரு பெரி நுஸ்பாமின் வீட்டில். வியாழக்கிழமை விமானம் ஏறுகிறவரும் வெள்ளிக்கிழமையும் அங்கேயே வாழ்கிறவரும் ஒரே விலையைக் கொடுப்பதில்லை.

அதே நியாயம் கறுப்பினப் பெண்களுக்குப் பல மடங்கு பொருந்தும். புதன்கிழமைத் திட்டத்தை நான் மதிப்பதற்குக் காரணம், அதன் தலைமை அந்தப் பக்கம் இருந்தது. அடுத்த ஆண்டு ஆசிரியர்களும் சமூகப் பணியாளர்களும் போய் சிறு குழந்தைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் வகுப்புகளில் உதவினார்கள். 1966இல் பெயரும் ‘மிசிசிப்பியில் பட்டறைகள்’ என்று மாறியது. இனி வடக்குப் பெண்கள் போய்ப் பார்ப்பது பெரிதல்ல. மிசிசிப்பியின் ஏழைப் பெண்கள் உட்கார்ந்து தங்களுக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் போட்டார்கள். வீடு, உணவு, குழந்தைக் காப்பகம் என்றார்கள். ஹைட்டின் கவுன்சில் மத்திய அரசின் வீட்டுவசதித் துறையோடு பேசி, கல்ஃபோர்ட்டில் ஃபாரஸ்ட் ஹைட்ஸ் என்ற 200 வீடுகள் கொண்ட குடியிருப்பு எழுந்தது. ஏழைக் குடும்பங்கள் வாடகை போலச் செலுத்தி வீட்டுக்குச் சொந்தக்காரர்களாகும் ஏற்பாடு. சன்ஃபிளவர் மாவட்டத்தில் கறுப்பின உரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமர் நடத்திய கூட்டுறவுக்குப் பன்றிகள் போயின. ஒரு குடும்பம் பன்றியை வளர்த்துக் குட்டிகளில் சிலவற்றைத் திருப்பித் தந்தால் அடுத்த குடும்பத்துக்கு அது போகும். கையுறை போட்ட சீமாட்டிகள் முதலில் போனபோது பன்றி வளர்ப்பைப் பற்றி யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். கேட்டதால் தெரிந்தது.

வீட்டுக்குள்ளே

பிராங்க்ஸ் தெருமுனைக் கணக்கு தீர இன்னும் வெகுகாலம் பிடித்தது. 1974இல் மத்தியக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வீட்டு வேலைக்கும் விரிந்தது. ஆனால் சங்கம் வைக்கும் உரிமையிலிருந்து விலக்கு அப்படியே இருந்தது. 2000இல் நியூயார்க்கில் ‘டொமஸ்டிக் வொர்க்கர்ஸ் யுனைடெட்’ என்ற அமைப்பு உருவானது. கரீபியன் தீவுகள், லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா ஆகிய இடங்களிலிருந்து வந்த ஆயாக்களும் வீட்டு வேலைக்காரர்களும் முதியோரைப் பராமரிப்பவர்களும் சேர்ந்தது. மாநிலச் சட்டம் வேண்டும் என்று அவர்கள் கோரிக்கை வைத்தபோது, எதிர்த்தரப்பில் இருப்பது யார் என்ற சிக்கல் வந்தது. ஒரு பெரிய ஆலை இல்லை. லட்சக்கணக்கான தனித்தனி வீடுகள்.

1990இல் தொடங்கிய ‘இன, பொருளாதார நீதிக்கான யூதர்கள்’ என்ற நியூயார்க் அமைப்பு இங்கே சேர்ந்தது. அது பெண்கள் மட்டும் உள்ள அமைப்பு அல்ல. ஆனால் வீட்டு வேலைக்கு ஆள் வைப்பதும் கூலி பேசுவதும் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுவதால், இந்தப் பேச்சு பெண்களுக்கிடையிலான பேச்சாகவே நடந்தது. ஜெப ஆலயங்களில், வீட்டு வரவேற்பறைகளில் கூட்டம் போட்டு, நம் வீட்டில் வேலை செய்பவருக்கு என்ன கொடுக்கிறோம், உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளம் உண்டா, எழுத்தில் ஒப்பந்தம் உண்டா என்று கேட்டார்கள். கேட்பதற்கே கூச்சமான கேள்விகள். நல்ல மனம் உள்ளவர்கள் என்று தங்களை நினைத்துக்கொண்டவர்கள், கூலிக் கணக்கை முன்னால் வைத்துப் பேச வேண்டியிருந்தது. பிறகு அதே முதலாளிகள் தொழிலாளர்களோடு பேருந்தில் மாநிலத் தலைநகர் ஆல்பனிக்குப் போய், இந்தச் சட்டம் எங்களுக்கும் வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினர்களிடம் சொன்னார்கள். வீட்டுக்காரர்கள் தாங்க மாட்டார்கள் என்ற வாதம் அதோடு வலுவிழந்தது.

2010 ஆகஸ்ட் 31 அன்று ஆளுநர் டேவிட் பேட்டர்சன் கையெழுத்திட்டார். அமெரிக்காவில் இப்படி ஒரு மாநிலச் சட்டம் அதுவே முதல். வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல், வீட்டிலேயே தங்குபவருக்கு 44 மணி நேரத்துக்கு மேல், கூடுதல் கூலி. வாரம் ஒரு நாள் ஓய்வு. ஓராண்டு முடிந்தால் சம்பளத்தோடு மூன்று நாள் விடுமுறை. கேட்டதில் பாதிதான் இது. கூட்டாகப் பேரம் பேசும் உரிமை வரைவிலிருந்து நீக்கப்பட்டது. கிடைத்ததை ஏற்பதா, இன்னும் ஓராண்டு போராடுவதா என்ற கேள்வியைத் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசி ஏற்பது என்று முடிவு செய்தார்கள். முதலாளிக் கூட்டாளிகள் அந்த முடிவுக்குப் பின்னால் நின்றார்கள். 1909 டிசம்பரில் நடக்காதது இங்கே நடந்தது.

சட்டம் வந்த பிறகும் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் திறந்து பார்க்க ஆய்வாளர் வர முடியாது. அதே 2010இல் வீட்டுவேலை முதலாளிகளுக்கென்றே ‘ஹேண்ட் இன் ஹேண்ட்’ என்ற வலையமைப்பு தொடங்கியது. மாதிரி ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பது, நியாயமான கூலி என்ன என்று சொல்வது, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசக் கற்றுக்கொடுப்பது என்று அது இன்றும் வேலை செய்கிறது. 1935இன் தொழிலாளர் உறவுச் சட்டத்தில் வீட்டு வேலைக்கு வைத்த விலக்கு இன்னும் நீக்கப்படவில்லை.